திரும்பிப் போறவை முதல்ல கிணத்தைத்தான் பாப்பினம்

2022 கார்த்திகை 16, புதன்கிழமை, மத்தியானம் 12 மணி 17 நிமிசம். கிளிநொச்சியில அப்பான்ர கராஜுக்குள்ள நிண்டுதான் அந்தச் சந்திர ரொக்கெட் வெளிக்கிடுறதைப் பாத்தனான். வெளியில மாரி மழை, தகரக் கூரையில விழுற சத்தத்தில போன்ல என்ன சொல்லுகினம் எண்டு ஒண்டும் கேக்கேல்ல, படம் மட்டும்தான். போனை கிறீஸ் பேணியில சாத்தி வச்சிட்டு அப்பா, நான், திருத்த விட்ட மோட்டச்சைக்கிளுக்காக காத்துக்கொண்டு நிண்ட ரெண்டு பேர், எல்லாரும் குனிஞ்சு பாத்துக்கொண்டு நிக்கிறம். அங்க புளோரிடாவில விடியப்புறம் 1 மணி 47. கும்மிருட்டு. அந்த இருட்டுக்குள்ள எஸ்எல்எஸ் எண்ட அந்த 98 மீற்றர் ரொக்கெட் மேல எழும்பினது, இரவு பகலான மாதிரி. நாசாவின்ர ஆர்ட்டெமிஸ் 1. ஆள் இல்லாத பயணம்தான், ஆனா ஆக்களைக் கொண்டுபோற ஓரியன் கூட்டை சந்திரனைச் சுத்தி அனுப்பி திருப்பி எடுக்கிற ஒத்திகை. மனிசர் சந்திரனுக்குப் போறது எண்டு 1972 மார்கழியில அப்பல்லோ 17 ஓட முடிஞ்ச கதை திரும்பத் துவங்குது எண்டு எனக்கு நெஞ்சு படபடத்துக்கொண்டு இருந்தது.

அப்பாவுக்கு அதில பிடிச்சது வேற. ரொக்கெட் வெளிக்கிடுறதுக்கு சில மணித்தியாலத்துக்கு முன்னம், எங்களுக்குக் காலமை, ஐதரசன் நிரப்பிற குழாயில ஒரு வால்வு ஒழுகத் துவங்கினது. ஆவணி கடைசியிலயும் புரட்டாதியிலயும் ரெண்டு தரம் நாள் குறிச்சு ரெண்டு தரமும் தள்ளிப் போட்டிட்டினம், அதில ரெண்டாம் தரம் இதே ஐதரசன் ஒழுக்குத்தான் காரணம். இந்த முறை என்ன செய்தவை எண்டா, எரிபொருள் ஏறிக்கொண்டிருக்கிற அந்த ரொக்கெட்டுக்குக் கீழ மூண்டு பேரை அனுப்பி வால்வை கையால இறுக்க வச்சவை. நான் இதை அப்பாவுக்குச் சொல்ல, அவர் கையில இருந்த ஸ்பானரை கீழ வச்சிட்டு, "மூண்டு பேரும் நட்டை இறுக்கவோ போனவை?" எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டார். ஓம் அப்பா, நட்டை இறுக்கத்தான். -253 பாகையில இருக்கிற திரவ ஐதரசன், உலகத்தில இருக்கிறதிலயே சின்ன மூலக்கூறு, கண்ணுக்குத் தெரியாத இடுக்குக்குள்ளாலயும் வெளிய வந்திடும், வந்தா ஒரு பொறி காணும். அவ்வளவு பெரிய வேலை கடைசியில ஒரு நட்டில வந்து நிண்டது, அந்த நட்டை இறுக்க மூண்டு பேர் நடந்து போனவை. அண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் கராஜுக்கு வந்த எல்லாருக்கும் அப்பா இதைத்தான் சொன்னார்.

அது கியூஆர் காட்டி கிழமைக்கு இவ்வளவுதான் எண்டு அளந்து பெற்றோல் அடிச்ச காலம். துவங்கேக்க மோட்டச்சைக்கிளுக்கு கிழமைக்கு 4 லீற்றர்தான். எங்கட ஆக்களுக்கு உது புதுசில்ல. எரிபொருளை சொட்டுச் சொட்டா எண்ணினது எங்கட வாழ்க்கையில பாதி. அதாலதானோ தெரியேல்ல, பெரிய ரொக்கெட்டுகளைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டா எனக்கு மண்ணெண்ணெய் மணம்தான் முதல்ல வாறது.

தொண்ணூறுகளில வன்னியில பெற்றோல் எண்டுறது தங்கம் மாதிரி. நாங்கள் 96ல கிளிநொச்சியை விட்டு மல்லாவிப் பக்கம் இடம்பெயர்ந்து இருந்த நேரம், அப்பா ஒரு பாலை மரத்துக்குக் கீழ சாக்கை விரிச்சு கராஜ் நடத்தினவர். எம்டி நைன்ரி, சிடி 125 மோட்டச்சைக்கிள், எல்லாம் மண்ணெண்ணெயில ஓடும். ஸ்ராட் பண்ணத்தான் பெற்றோல். கண்ணுக்கு விடுற மருந்துப் போத்தில் ஒண்டில கொஞ்சப் பெற்றோல் எல்லாற்ற சேட் பொக்கற்றுக்குள்ளயும் இருக்கும், காபரேற்றருக்குள்ள ரெண்டு மூண்டு சொட்டு பீச்சி உதைச்சா எஞ்சின் பிடிக்கும், பிடிச்சு சூடாகினாப் பிறகு மண்ணெண்ணெயில இழுக்கும். பின்னால வெள்ளைப் புகை, ஏத்தத்தில எஞ்சின் "டக டக" எண்டு தட்டும், நாலைஞ்சு நாளில பிளக் முழுக்கக் கரி. அப்பா எஞ்சினுக்குக் கிட்ட காதைக் குடுத்துக் கேட்டிட்டு "இது தட்டுற தட்டு சரியில்ல, கழட்டோணும்" எண்டுவார். நான் பக்கத்தில இருந்து மண்ணெண்ணெயை பழைய சீலைத் துண்டால வடிச்சுக் குடுப்பன். பத்துப் பதினொரு வயசு எனக்கு.

பேந்து கன வருசத்துக்குப் பிறகு, சந்திரனுக்கு ஆக்களைக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ரொக்கெட்டின்ர முதல் கட்டம் எதில ஓடினது எண்டு வாசிச்சு அறிஞ்ச நாள் நான் நித்திரை கொள்ளேல்ல. மண்ணெண்ணெய். நல்லா சுத்திகரிச்ச, கந்தகம் எடுத்த மண்ணெண்ணெயும் திரவ ஒட்சிசனும். ஏறத்தாழ 7 லட்சத்து 70 ஆயிரம் லீற்றர் மண்ணெண்ணெய். எங்கட றோட்டில போற 13,200 லீற்றர் பவுசர் 58 வேணும் அதை நிரப்ப. அவ்வளவும் ரெண்டரை நிமிசத்துக்குக் கொஞ்சம் கூட நிண்டு எரியும், அவ்வளவுதான், முடிஞ்சுது. ஒட்சிசனையும் சேத்தா ஒரு செக்கனுக்கு 13 தொன் அளவில. 65 கிலோ நெல்லு மூடை எண்டு வச்சா ஒரு செக்கனுக்கு 200 மூடை. அப்பாட்டச் சொன்னன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்திட்டு, "அதுக்கு பம்ப் எவ்வளவு பெரிசா இருக்கோணும்?" எண்டார். சரியான கேள்வி. ஒரு எஃப்1 எஞ்சினுக்கு எரிபொருள் தள்ளுற பம்ப் மட்டும் 55,000 குதிரை வலு. அப்பிடி அஞ்சு எஞ்சின்.

அந்த எஞ்சினும் தட்டினது. இதை நான் சொல்லாம விட்டா இந்தப் பதிவே எழுதினதில்லை. 1960களின்ர துவக்கத்தில எஃப்1 எஞ்சினை நிலத்தில கட்டி எரிச்சுப் பாக்கேக்க, உள்ளுக்கு எரியிற நெருப்பு ஒரே சீரா எரியாம அலை அலையா அடிச்சுச் சுழண்டு, கண் மூடித் திறக்கிறதுக்குள்ள எஞ்சினையே உடைச்சுப் போட்டது. 1962ல ஒரு எஞ்சின் முழுசா நாசம். ஏன் இப்பிடி நடக்குது எண்டு கணக்குப் போட்டுச் சொல்ல அப்ப ஒருத்தராலயும் ஏலேல்ல, கம்பியூட்டரும் காணாது. அப்ப என்ன செய்தவை? எரிஞ்சுகொண்டிருக்கிற எஞ்சினுக்குள்ள வேணுமெண்டே சின்ன வெடியை வெடிக்க வச்சு நெருப்பைக் குழப்பி விட்டிட்டு, அது தானா அடங்குதோ எண்டு பாத்தவை. எரிபொருள் பீச்சிற தட்டில துளையளை மாத்தி, செம்புத் தடுப்புகளை வச்சு 13 அறையாப் பிரிச்சு, திரும்ப வெடி வச்சு, திரும்ப மாத்தி, வருசக் கணக்கா. கடைசியில வெடி வெடிச்சாலும் ஒரு செக்கனில பத்தில ஒரு பங்கு நேரத்துக்குள்ள நெருப்பு அடங்கிச்சு. பிறகு சாட்டர்ன் 5 பறந்தது 13 தரம், 65 எஃப்1 எஞ்சின், பறக்கேக்க ஒண்டும் பழுதாகேல்ல. காதைக் குடுத்துக் கேட்டு, கழட்டி, மாத்தி, திரும்பப் பூட்டி, திரும்பக் கேட்டுத்தான் மனிசன் சந்திரனுக்குப் போனவன். இதை வாசிச்சு முடியேக்க எனக்கு அந்தப் பாலை மரம்தான் கண்ணுக்குள்ள நிண்டது.

சோவியத் ஆக்களும் மண்ணெண்ணெயிலதான் முயற்சி செய்தவை. என்1 எண்டு பெயர், அடியில 30 எஞ்சின். முதல் கட்டத்தை முழுசாப் பூட்டி நிலத்தில எரிச்சுப் பாக்கிற வசதியை அவை கட்டேல்ல. 1969 துவங்கி 1972 வரைக்கும் நாலு தரம் விட்டவை, நாலும் போச்சு. "ஓட்டிப் பாக்காம ஆரும் வண்டியைக் குடுப்பினமோ" எண்டுதான் அப்பா சொன்னார், எனக்கும் அதுக்கு மேல சொல்ல ஒண்டுமில்ல.

நான் இஞ்ச பிள்ளையளுக்கு ரியூசனில விஞ்ஞானம் படிப்பிக்கிறன். ஒரு நாள் ஒரு பெடியன் கேட்டான், சேர், சந்திரனுக்குப் போறதுக்கு ஏன் இவ்வளவு பெரிய ரொக்கெட், ஆக்கள் மூண்டு பேர்தானே எண்டு. நல்ல கேள்வி. நான் சொன்னன், இஞ்சயிருந்து மன்னாருக்கு ரைக்டரில போறாய், வழியில ஒரு பெற்றோல் ஷெட்டும் இல்ல எண்டு வை. டீசலை பரலில ஏத்திக்கொண்டுதான் போகோணும். அந்தப் பரலின்ர பாரத்தை இழுக்க இன்னும் டீசல் வேணும். அந்த டீசலுக்கு இன்னொரு பரல், அதை இழுக்க... அவன் சிரிச்சிட்டான், அப்ப பெட்டி முழுக்க டீசல்தான் சேர் எண்டான். ஓமடா, அதுதான் ரொக்கெட். இதைக் கணக்கா எழுதி 1903ல வெளியிட்டவர் ரஷ்யாவில ஒரு சின்ன ஊரில படிப்பிச்ச பள்ளிக்கூட வாத்தியார், சியோல்கோவ்ஸ்கி, சின்ன வயசில வந்த காய்ச்சலால காது சரியாக் கேக்காத மனிசன். அந்தக் கணக்கை இண்டைக்கு வரைக்கும் ஒருத்தராலயும் ஏமாத்த ஏலேல்ல. ஏலக்கூடிய ஒரே வழி, வெறுமையான தாங்கியை சும்மா சுமக்காம வழியில கழட்டி விடுறது. அதுதான் கட்டம் கட்டமா விழுத்திக்கொண்டு போறது.

பெடியனுக்கு அதோட விட்டிட்டன். ஆனா கழட்டி விடுறது எண்டா என்னெண்டு எனக்கு வேற மாதிரித் தெரியும். 2008ல உருத்திரபுரத்திலயிருந்து வெளிக்கிடேக்க ஒரு ரைக்டர் பெட்டி நிறையச் சாமான். அலுமாரி, கூரையால கழட்டின தகரம், கதவு நிலை, அம்மான்ர தையல் மெசின், கோழிக்கூடு, நெல்லு மூடை பதினொண்டு. தருமபுரத்தில அலுமாரியும் நிலையும் நிண்டிட்டுது. விசுவமடுவில நெல்லு பாதி. அதுக்கங்கால ரைக்டரே இல்ல, சைக்கிள்தான், தையல் மெசினை ஒரு வேப்ப மரத்துக்குக் கீழ வச்சு தகரத்தால மூடிப்போட்டு அம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்திட்டு வந்தவ. கடைசியா எங்களிட்ட மிஞ்சினது ஒரு உரப்பை. அதுக்குள்ள அடையாள அட்டையள், என்ர சேட்டிபிக்கேற், ஒரு சின்னச் சட்டி, அப்பா விடமாட்டன் எண்டு கொண்டுவந்த பிளக் கழட்டிற சாவி. அப்பல்லோ 11 வெளிக்கிடேக்க 2,900 தொன்னுக்கு மேல. பசுபிக் கடலில வந்து இறங்கின கூம்பு ஏறத்தாழ 5 தொன். ஆயிரத்தில ரெண்டு பங்குகூட இல்ல. இந்த எண்ணை நான் போட்டில எழுதேக்க ஒவ்வொரு முறையும் கை கொஞ்சம் நிக்கும்.

அந்தக் காலத்தில வானத்தைப் பாக்கிறதெண்டா பயத்துக்குத்தான் பாக்கிறது. இரவில வண்டு எண்டு நாங்கள் சொல்லுற வேவு விமானத்தின்ர சத்தம் கேக்குதோ எண்டு காது நெடுக மேலதான். பங்கருக்கு வெளியில வந்து நிமிந்து பாத்தா பயமில்லாமப் பாக்கக்கூடிய ஒரே சாமான் நிலவுதான். 2008 கார்த்திகை நடுப்பகுதி, பறுவப் போயா கழிஞ்ச கிழமை, மழை விட்டிருந்த ஒரு இரவு, தரப்பாளுக்கு வெளியில அப்பாவும் நானும் இருக்கிறம். சைக்கிளைக் கவிட்டு வச்சு பெடலைச் சுத்தி டைனமோவில ரேடியோ கேக்கிற காலம், ஆனா அண்டைக்கு சுத்த ஆருக்கும் தெம்பில்ல. அதனால எங்களுக்குத் தெரியாது, அதே கிழமை, கார்த்திகை 14 இரவு எட்டரைக்கு, இந்தியாவின்ர சந்திரயான் 1 ல இருந்து பிரிஞ்ச 35 கிலோ அளவான ஒரு பெட்டி அந்த நிலவின்ர தென்முனைக்குக் கிட்டப் போய் மோதினது எண்டு. அந்தத் திட்டத்தை நடத்தினவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கோதவாடிக் கிராமத்தில பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. எங்கட பாசையில கனவு காணுற ஒருத்தர் அங்க சாமானை இறக்கிக்கொண்டிருக்க, நாங்கள் இஞ்ச அதே நிலவு வெளிச்சத்தில அடுப்புக்கு விறகு தேடிக்கொண்டு இருந்திருக்கிறம். எனக்கு இதில கோபமோ கவலையோ இல்ல, ரெண்டும் ஒரே கிழமையில நடந்தது எண்டது மட்டும்தான் மனசை விட்டுப் போகுதில்ல.

அடுத்த வருசம் முகாம். காலமை எழும்பினா தண்ணி பவுசர் எப்ப வரும் எண்டதுதான் கதை. 20 லீற்றர் கானை வரிசையில வச்சிட்டு, கானுக்குப் பதிலா கல்லை வச்சு இடம் பிடிச்சிட்டு, ஆள் மாறி ஆள் நிக்கிறது. அந்தப் புரட்டாதியிலதான் சந்திரயான் 1 ல ஏத்தி அனுப்பின நாசாவின்ர கருவி ஒண்டு சந்திரன்ர மண்ணில தண்ணியின்ர அடையாளத்தைக் கண்டுபிடிச்சிட்டுது எண்டு அறிவிச்சவை. ஐப்பசி 9ம் திகதி நாசா ஒரு வெறும் ரொக்கெட் கட்டத்தையே கொண்டுபோய் தென்முனைக்குக் கிட்ட, வெயிலே படாத கபேயஸ் எண்ட பள்ளத்துக்குள்ள மோத விட்டது. எழும்பின புழுதிக்குள்ள 155 கிலோ அளவில தண்ணி ஆவியாயும் ஐசாயும் இருந்ததெண்டு அடுத்த வருசம் கணக்குச் சொன்னவை. 155 லீற்றர். ஒரு பரல்கூட நிரம்பாது, எட்டுக் கான் வரிசை. தண்ணி தேடி மோத விட்ட செய்தியை முகாமில ஒரு பழைய பேப்பர்த் துண்டில வரிசையில நிண்டபடி வாசிச்சனான், எனக்குப் பின்னால நிண்ட ஒரு அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினன், அவ "அங்கயும் தண்ணி தேடுகினமோ பிள்ளை" எண்டு கேட்டா.

இதுதான் நான் சொல்ல வந்த விசயம். அப்பல்லோவில போய் சந்திரனில இறங்கின 12 பேரும் தண்ணியை இஞ்சயிருந்து கொண்டுபோய்க் குடிச்சு, 382 கிலோ கல்லும் மண்ணும் அள்ளிக்கொண்டு வந்தவை. கொண்டுவந்த கல்லைப் பாத்திட்டு சந்திரன் காஞ்ச இடம் எண்டு எல்லாரும் முடிவு கட்டிப்போட்டினம். விருந்துக்குப் போன ஆக்கள் மாதிரி, போனாங்கள், பாத்தாங்கள், வந்தாங்கள். இப்ப போக வெளிக்கிடுறவை அப்பிடியில்ல. எல்லாரும் தென்முனையைத்தான் பாக்கினம், நாசாவும் சரி, சீனாக்காரரும் சரி, இந்தியாவும் சரி. ஏன்? கோடிக்கணக்கான வருசம் வெயில் படாத பள்ளங்களுக்குள்ள ஐஸ் இருக்கு. பக்கத்தில உயர்ந்த முகடுகளில வருசத்தில முக்கால்வாசி நாளும் வெயில் இருக்கு, கரண்ட் எடுக்கலாம். தண்ணி இருந்தா குடிக்கலாம், மூச்சு விட ஒட்சிசன் பிரிக்கலாம், ஐதரசனையும் ஒட்சிசனையும் திரும்பச் சேத்தா அதுவே ரொக்கெட் எரிபொருள். பரலை இஞ்சயிருந்து இழுத்துக்கொண்டு போகத் தேவையில்ல. வழியில ஒரு ஷெட் வருது.

வன்னியில பிறந்தவனுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையே இல்ல. வவுனிக்குளம், அக்கராயன்குளம், கனகராயன்குளம், செட்டிகுளம், ஊரின்ர பெயரே குளம். குளத்தைக் கட்டினாப் பிறகுதான் ஊர் வந்தது, குளம் உடைஞ்ச இடத்தில காடு வந்தது. 2010ல எங்கட காணிக்குத் திரும்பிப் போகலாம் எண்டு விட்ட நாள், வீடு நிண்ட இடத்தில சுவர் பாதிதான், முத்தத்தில நாயுருவி இடுப்பளவு. அப்பா வீட்டைப் பாக்கேல்ல. நேர கிணத்தடிக்குத்தான் போனவர். போய்க் கட்டில கை வச்சு எட்டிப் பாத்திட்டு கன நேரம் நிண்டவர். உள்ளுக்கு ஓலை, தகரம், ஒரு சைக்கிள் பிறேம், கறுத்த தண்ணி, மணம். பக்கத்துக் காணிக்காரரும் தன்ர கிணத்தடியிலதான் நிண்டவர். அந்த ஒழுங்கை முழுக்க அண்டைக்கு எல்லாரும் கிணத்தடியிலதான். இந்தக் காட்சியை நான் கண்டவன், அதால சந்திரனுக்குத் திரும்பிப் போறம் எண்டு ஆரும் சொல்லேக்க, ரொக்கெட்டின்ர உயரத்தைக் கேக்க முன்னம், தண்ணி எங்க எண்டுதான் கேப்பன்.

சரி, ரொக்கெட்டுக்கு வாறன், ஏனெண்டா எனக்கு மனவருத்தம் ஒண்டும் இருக்கு. எஸ்எல்எஸ் வெளிக்கிடேக்க அதின்ர உதைப்பு சாட்டர்ன் 5 ஐ விடக் கூட, ஏறத்தாழ 40 லட்சம் கிலோ நிறையைத் தூக்கிற அளவு. ஆனா சந்திரனுக்குக் கொண்டுபோற பாரம் ஏறத்தாழ 27 தொன், சாட்டர்ன் 45 தொன்னுக்கு மேல கொண்டுபோனது. மேல் கட்டம் சின்னது, அதுதான் காரணம். அதால இறங்கிற வாகனத்தை அதோட சேத்து அனுப்ப ஏலாது, அது தனியாத்தான் வரோணும். அதையும் பொறுக்கலாம். பொறுக்க ஏலாதது அடியில இருக்கிற நாலு எஞ்சின். ஆர்எஸ்25, விண்ணோடம் எண்டு பிள்ளையள் புத்தகத்தில படிக்கிற ஷட்டிலில பறந்து, இறங்கி, கழட்டிப் பாத்து, திரும்பப் பூட்டிப் பறந்த எஞ்சினுகள். 2022ல அந்த நாலும் கடலுக்குள்ள போச்சு, திரும்ப எடுக்கிறதுக்கில்ல. நாசாவின்ர உள்ளகக் கண்காணிப்பாளர் அதே வருசம் கணக்குச் சொன்னவர், ஓரியனையும் தரை வேலையையும் சேத்து ஒருக்கா விட 410 கோடி டொலர் எண்டு. காசை விடுங்கோ. திருத்தித் திருத்தி ஓடின எஞ்சினை ஒரே ஓட்டத்தில கடலில போடுறதை ஒரு மெக்கானிக்கின்ர மகனா என்னால ஏற்க ஏலாமக் கிடக்கு. வேகமாப் போகவேணும் எண்டு இருக்கிற சாமானை எடுத்தினம் எண்ட நியாயமும் விளங்குது, எண்டாலும் வேகமாயும் போகேல்லையே, 2010ல துவங்கின திட்டம் 2022லதான் முதல் பறந்தது.

அதாலதான் 2024 ஐப்பசி 13 ஐ நான் மறக்கமாட்டன். ஸ்பேஸ்எக்ஸ் எண்ட அமெரிக்கக் கொம்பனி செய்யிற ஸ்டார்ஷிப் ரொக்கெட்டின்ர அடிக்கட்டம், 71 மீற்றர் உயரம், 33 எஞ்சின், மேல போய் ஏழு நிமிசத்தில திரும்பி வந்து, வெளிக்கிட்ட அதே கோபுரத்தின்ர ரெண்டு கைக்கும் நடுவில மெதுவா வந்து நிண்டது. முதல் தரமே பிடிச்சிட்டினம். முதல் பறப்பு, 2023 சித்திரையில, நடுவழியில வெடிச்சுப் போனதையும் நாங்கள் பாத்தனாங்கள்தான். அப்பா போனைக் கையில வாங்கி அதை ஆறேழு தரம் பாத்தார். பிறகு "இதுவும் மண்ணெண்ணெயோ?" எண்டு கேட்டார். இல்ல, மெதேன் வாயு, குளிராக்கித் திரவமாக்கினது. ஏன் எண்டா மண்ணெண்ணெய் எரிஞ்சாக் கரி பிடிக்கும், குழாய்களுக்குள்ள ஒட்டும், திரும்பத் திரும்ப ஓட்டவேணுமெண்டா துடைச்சு மாளாது, மெதேன் சுத்தமா எரியும். இதைச் சொல்ல அப்பான்ர முகத்தில வந்த வெளிச்சம்! முப்பது வருசத்துக்கு முன்னம் நாலு நாளைக்கொருக்கா உப்புத்தாளால பிளக் தேய்ச்ச மனிசன். அவர் ஒண்டும் சொல்லேல்ல, தன்ர விரலைத் திருப்பிப் பாத்தார், அந்தக் கரி இன்னும் நகத்திடுக்கில இருக்கிற மாதிரி.

ஆனா ஸ்டார்ஷிப்பிலயும் சியோல்கோவ்ஸ்கியின்ர கணக்கு விடாது. சந்திரனில இறங்கிற அதின்ர வாகனம் பூமியைச் சுத்தி வாற பாதைக்குப் போய்ச் சேரேக்கயே தாங்கி வெறுமையாகிடும், பிறகு வேற ஸ்டார்ஷிப்புகள் பல தரம் போய் அதுக்கு எரிபொருள் ஊத்தவேணும். வானத்தில பவுசர். இவ்வளவு குளிரான திரவத்தை இவ்வளவு கனக்க, நிறையில்லாத இடத்தில ஒரு தாங்கியால இன்னொரு தாங்கிக்கு மாத்திறதுதான் இந்தத் திட்டத்தின்ர தலையிடி எண்டு நான் நினைக்கிறன், எஞ்சின் இல்ல.

பெரிய ரொக்கெட் இல்லாமலும் போகலாம், பொறுமை இருந்தா. 2023 ஆடி 14 ல வெளிக்கிட்ட சந்திரயான் 3 ஐ தூக்கினது 640 தொன் எல்விஎம்3, சாட்டர்னுக்குப் பக்கத்தில வச்சா பிள்ளை மாதிரி. நேர சந்திரனுக்கு எறிய அதுக்குப் பெலன் காணாது. அதால பூமியைச் சுத்தி நீளமா ஒரு பாதையில விட்டு, கிட்ட வாற ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன உந்தல், ஊஞ்சல் ஆட்டுற மாதிரி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கூட உயரம், கடைசியில சந்திரன் பிடிச்சுக்கொண்டுது. அப்பல்லோ நாலு நாளில போன தூரத்துக்கு நாப்பது நாள். ஆவணி 23 பின்னேரம் 6 மணி 4 க்கு இறங்கேக்க என்ர ரியூசன் வகுப்பு முழுக்க வாங்கில ஏறி நிண்டது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் எண்டு சொன்ன உடன ஒரு பிள்ளை, "சேர் அவரும் ரியூசனுக்குப் போனவரோ?" எண்டு கேட்டுது. ஆக்களோட சந்திரனைச் சுத்தி வாற ஆர்ட்டெமிஸ் 2 க்கெண்டு அதே வருசம் சித்திரையில பெயர் சொன்ன நாலு பேரில கிறிஸ்டினா கோக் எண்டு ஒரு பொம்பிளை இருக்கிறா எண்டதை பெண்பிள்ளையள் கொப்பியில எழுதி வச்சிருக்கினம், அதை நான் பாத்தனான்.

போன கிழமை இரவு சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்க இந்தப் பதிவு எழுதுறதைப் பற்றி அப்பாட்டச் சொன்னன். தென்முனை, ஐஸ், பள்ளம் எல்லாம் சொன்னன். அவர் எல்லாத்தையும் கேட்டிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, அது நல்லதண்ணியோ?"

எங்கட பக்கத்தில எந்தக் கிணத்தையும் பற்றிக் கேக்கிற முதல் கேள்வி. நான் உள்ளதைச் சொன்னன். 2009ல எழும்பின அந்தப் புழுதிக்குள்ள தண்ணியோட அமோனியா இருந்தது, அழுகின முட்டை மணக்கிற ஐதரசன் சல்பைட் இருந்தது, பாதரசமும் இருந்தது. அப்பிடியே குடிக்க ஏலாது அப்பா.

அவர் கையைக் கழுவி, துவாயால துடைச்சு, மடிச்சுத் தோளில போட்டார். 2010ல எங்கட கிணத்தை மண்ணெண்ணெய்ப் பம்ப் இரவல் வாங்கி மூண்டு தரம் அடிவரைக்கும் இறைச்சு, குளோரின் போட்டு, நாலாம் தரம் ஊறின தண்ணியைத்தான் அம்மா அடுப்பில வச்சவ.

"அப்ப இறைக்கோணும்" எண்டார் அப்பா.